சிரிப்பு ஷாட் பாக்கி

சாலிகிராமத்தில் சாகத் தெரிந்த அம்மாக்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் இடைவேளைக்கு முன்னால் கச்சிதமாகச் செத்து, மகன் கையில் அரிவாளை எடுக்க வைத்து, மிச்சப் படம் முழுக்கச் சுவரில் மாலை போட்ட போட்டோவாகத் தொங்கி, கடைசிக் காட்சியில் அந்தப் போட்டோவுக்குள்ளிருந்தே மருமகளை ஆசீர்வதிப்பதில் சௌபாக்கியத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லாரி ஏறிச் செத்திருக்கிறாள், பண்ணையார் வைத்த விஷத்தில் செத்திருக்கிறாள், தந்தியைப் பிரித்துப் படித்தும் படிக்காமலும் செத்திருக்கிறாள், மகனுக்கு வந்த குண்டைக் குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொண்டு ஒரு பக்க வசனம் பேசிவிட்டுச் செத்திருக்கிறாள். இருபத்து நாலு வயதிலேயே தலையில் வெள்ளை பூசிக்கொண்டு அம்மா வேஷத்துக்கு வந்தவள் என்பதால், அவளுடைய பிள்ளைகளில் பலர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். நூற்று எண்பத்தேழு படங்களில் இப்படிச் செத்தவள், அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு வளசரவாக்கத்து வாடகைப் பங்களா ஒன்றில் நூற்று எண்பத்தெட்டாவது தடவையாகச் செத்தாள்.

சினிமாவில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாகிற காட்சி எடுத்து முடித்ததும், கேமராவை நிறுத்தாமல், செத்தவரை எழுப்பி உட்கார வைத்து லென்ஸைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கச் சொல்வார்கள். பிலிம் ஓடிய காலத்தில் ஓர் அடி வீணானாலே குதிக்கிற தயாரிப்பாளர்கள்கூட இந்தச் சிரிப்புக்கு மட்டும் முகம் சுளித்ததில்லை. எடிட்டிங்கில் அதை வெட்டிப் போட்டுவிடுவார்கள், எந்த ரசிகனும் அதைப் பார்த்ததில்லை. ஆனால் யமன் பார்ப்பான், ‘அட, நடிப்புதானா’ என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவான் என்று லைட் தூக்குகிறவர் முதல் முதலாளிவரை எல்லோரும் நம்பினார்கள். இந்தப் படத்தின் இயக்குநர் நிரஞ்சன் கேமராவைப் பற்றிக் கண்டதையும் படித்தவன், இதை மட்டும் படிக்காதவன். முதல் படம் வேறு. ஷாட் ஓகே என்றான், சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள், மொத்த யூனிட்டும் மாடிக்கு ஓடியது, சிரிப்பு ஷாட் நின்றுபோனது.

சௌபாக்கியம் தானாகவே எழுந்து, நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தியில் போய் உட்கார்ந்தாள். சாம்பார் சாதத்தைப் பிசைந்தாள், வாய் கேட்கவில்லை. பின்னால் நின்று சவுரியைக் கழற்றிக்கொண்டிருந்த ஹேர் டிரஸ்ஸர் பார்கவியின் விரல் அவள் பிடரியில் பட்டது. முப்பத்தாறு வருஷமாக அந்தத் தலையைச் சீவியவள் பார்கவி, பதினைந்து வருஷமாக அவளோடு ஒரே வீட்டில் இருப்பவள்.

“அக்கா, கழுத்து ஐஸ் மாதிரி இருக்கே.”

“ஏசி போட்டிருப்பான்.”

“மொட்டை மாடியில ஏதுக்கா ஏசி?”

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் ஷம்ஷாத் பேகம் நாடியைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், இன்னொரு தடவை வைத்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“உங்களுக்கு உயிர் இல்லைம்மா.”

“எப்பலேருந்து டாக்டர்?”

“காலையில பதினொன்றரை இருக்கலாம்.”

“அப்ப ஷாட் ஓகே ஆன நேரம்தான்,” என்றாள் சௌபாக்கியம். “சாயங்காலம் பக்கத்து தெருவுல சீரியலுக்கு ஒரு சீன் இருக்கு. போலாமா?”

டாக்டர் யோசித்தார். “போயிட்டு வாங்க. வெயில்ல மட்டும் ரொம்ப நேரம் நிக்காதீங்க.”

சாலிகிராமம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று அறிவித்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா, சௌபாக்கியம் படியிறங்கிப் போகும்போதெல்லாம் பின்னாலேயே மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், திரும்பி வரும்போது அவளிடமே கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லியும் விட்டாள். பிணம் எதிரே வந்தால் போகிற காரியம் ஜெயம் என்பது ஊரறிந்த சகுனம் ஆகையால், ஆடிஷனுக்குப் போகிறவர்களும், பத்திரப் பதிவுக்குப் போகிறவர்களும், பெண் பார்க்கப் போகிறவர்களும் காலை எட்டு மணிக்கு அவள் பால் வாங்கப் போகிற நேரம் பார்த்து எதிர்ப்பக்கமாக வரிசையில் வந்தார்கள்; ஒரு புதுமுக நடிகை வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தில் அரைக் கிலோ மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, செத்தவருக்கு இனிப்பு கொடுக்கலாமா என்று வாசலில் நின்று யோசித்தாள். நடிகர் சங்கத்தில் கறுப்புக் கொடி ஏற்றினார்கள். சங்கச் செயலாளர் தணிகாசலம் மாலையோடு வந்து, அதைக் கழுத்தில் போடுவதா காலடியில் வைப்பதா என்று புரியாமல் பார்கவி கையில் கொடுத்துவிட்டு, இரங்கல் சுவரொட்டிக்கு எந்தப் போட்டோ வேண்டும் என்று பிரேதத்தையே கேட்டுத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்.

சிரிப்பு ஷாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். பதினாறாம் நாள் காரியம்வரை உயிர் வாசற்படியிலேயே நிற்கும், அதற்குள் எடுத்தாக வேண்டும், தாண்டினால் அது படியிறங்கிப் போய்விடும் என்பதும் தெரியும். மறுநாளே நிரஞ்சன் அழுதுகொண்டு அதே பங்களாவை, அதே கேமராவை, அதே ரத்தக்கறைச் சேலையை ஏற்பாடு செய்தான். சௌபாக்கியம் படுத்தாள், எழுந்தாள், லென்ஸைப் பார்த்து உதட்டை விரித்தாள். மானிட்டரில் பார்த்தால் பல் தெரிந்தது, கன்னத்தில் குழி விழுந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டாக்டர் நாடியைப் பிடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சிரிக்கிற மாதிரி நடிக்கிறீங்கம்மா,” என்றார் கேமரா உதவியாளர்களிலேயே மூத்தவர். “அது செல்லாது. சாவுதான் நடிப்பு. சிரிப்பு நெசமா இருந்தாத்தான் அவன் கயித்தைச் சுருட்டுவான்.”

நாற்பது வருஷத்தில் ஒரு ஷாட்டிலும் திணறாதவளுக்கு அது பெரிய அடியாக இருந்தது. அந்தக் காலத்தில் ‘கட்’ என்ற சத்தம் கேட்டதுமே, அப்பாடா என்று அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கும். நெற்றியில் சாயம் வழிய, மூக்கில் பஞ்சோடு அவள் சிரிப்பதைப் பார்க்கவே லைட்மேன்கள் பரணிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். இப்போது வயிற்றில் ஒன்றுமே இல்லை. செய்தி பரவியதும் நகைச்சுவை நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு வந்தார்கள்; ஒருவர் வேட்டி தடுக்கி விழுந்தார், ஒருவர் மூன்று குரலில் மாமியார் சண்டை போட்டார், பார்க்கில் காலையில் கூடிச் சிரிக்கிற சங்கத்தார் முப்பது பேர் மாடிப்படி முழுக்க நின்று கையைத் தூக்கிச் சிரித்துவிட்டு சுண்டல் சாப்பிட்டுப் போனார்கள். எல்லாக் கோமாளித்தனத்தின்போதும் மூலையில் கேமரா ஓடியது. சௌபாக்கியம் ஒவ்வொருவரிடமும், “நல்லா பண்றீங்க தம்பி, அந்த இடத்துல ஒரு செகண்டு விட்டுப் பேசுங்க,” என்று தொழில் நுணுக்கம் சொன்னாளே தவிர, சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் அவள் குரல் தேய்ந்தது. பதிமூன்றாம் நாள் பார்கவி கொண்டை போட்டுக் குத்திய ஊசி, காற்றில் குத்தியதுபோல நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்கவி குனிந்து எடுத்து மறுபடி குத்தினாள், மறுபடி விழுந்தது.

“விடுடி,” என்றாள் சௌபாக்கியம்.

“விட மாட்டேன். நிக்கற வரைக்கும் குத்துவேன்.”

“செத்ததுல எனக்கு வருத்தமில்ல. வேற ஒண்ணுதான் உறுத்துது. ஒவ்வொரு படத்துலயும் நான் செத்ததை வெச்சுக்கிட்டாங்க, சிரிச்சதை வெட்டிப் போட்டாங்க. நான் போயிட்டா யார் என்ன சொல்லுவாங்க? நல்லா சாவாங்கன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான?”

அன்று பார்கவி சமையலில் உப்புப் போட மறந்தாள்.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கம் இரங்கல் கூட்டம் வைத்தது. முன்வரிசை நடுநாற்காலியில் சௌபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். தேய்ந்து தேய்ந்து, சேலை உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருந்தது. அவளுக்கு எதிரே நிரஞ்சன் கேமராவை நிறுத்தி, பத்து மணியிலிருந்தே ஓடவிட்டிருந்தான். உச்சிப்பொழுதுவரைதான் கெடு என்று டாக்டரும் சொன்னார், காரியத்துக்கு வந்த சாஸ்திரிகளும் சொன்னார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதே எல்லோருக்கும் பயமாக இருந்தது.

முதலில் திரையில் அவளுடைய காட்சிகளைத் தொகுத்துப் போட்டார்கள். இருபது நிமிஷம் அவள் செத்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேச்சு தொடங்கியது. ஒருவர், அவர் நடிகை அல்ல, தாய் என்றார். அடுத்தவர், அவர் தாய் அல்ல, தெய்வத் தாய் என்றார். மூன்றாமவர் அவளுடைய பரதநாட்டியத்தைப் புகழ்ந்தார். “அது நான் இல்லீங்க, சௌமியா,” என்று சௌபாக்கியம் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினாள். இன்னொருவர் அவள் நடிக்காத படத்தில் அவள் செத்ததைச் சொல்லி உருகினார். அதற்குப் பிறகு அவள் திருத்துவதையும் விட்டுவிட்டாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்கே தோன்றவில்லை. யாருக்கோ நடக்கிற கூட்டத்துக்கு வந்து, பாதியில் எழுந்து போவது மரியாதையில்லையே என்று உட்கார்ந்திருப்பவள்போல இருந்தாள்.

கடைசியாகக் கதாநாயகர் வெற்றிவேந்தன் எழுந்தார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, அறுபத்தாறு வயதிலும் அந்தக் குரல். தொண்ணூற்றிரண்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில், மடியில் கிடந்த தாயின் பிரேதத்தைப் பார்த்து அவர் கதறிய காட்சிதான் அவருக்கு விருது வாங்கிக் கொடுத்தது. “அன்னைக்கு நான் நடிக்கலை,” என்றார் அவர். “அந்த முகத்தைப் பார்த்ததும் வசனம் தானா வந்துச்சு. நிஜமாவே அழுதேன்.” மண்டபமே கைதட்டியது. மணி பதினொன்றே முக்கால். தணிகாசலம் நன்றியுரைத் தாளை எடுத்தார்.

அப்போது ஓரமாக நின்றிருந்த பார்கவி, தோளில் சீப்புப் பையோடு, விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

“பேசறவங்க லிஸ்ட்ல உங்க பேர் இல்லம்மா,” என்றார் தணிகாசலம்.

“என் பேரு எந்த லிஸ்ட்லயும் இருந்ததில்ல சார். மைக்கைக் குடுங்க.”

அவர் கொடுத்துவிட்டார். பார்கவி வெற்றிவேந்தனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“அண்ணே, மன்னிக்கணும். முப்பத்திரண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. இன்னிக்கு அக்கா உசுரு போற நேரம், அதனால சொல்றேன். அன்னிக்கு உங்களுக்கு வசனம் தானா வரல. ரெண்டு பக்கம் வசனம், பதினோரு டேக், ஒண்ணும் நிக்கல. டைரக்டர் தொப்பியைத் தூக்கி எறிஞ்சாரு. பன்னெண்டாவது டேக்ல அக்காவுக்குப் பொறுக்கல. பொணமா படுத்துக்கிட்டே, உதட்டை அசைக்காம, ஒவ்வொரு வரியா உங்களுக்கு எடுத்துக் குடுத்தாங்க. அவங்க சொல்லச் சொல்ல நீங்க அழுதுகிட்டே திருப்பிச் சொன்னீங்க. பிரமாதமா போச்சு. பாதியில உணர்ச்சிவசப்பட்டு நீங்க முட்டியை அக்கா கை மேல ஊனிட்டீங்க. அக்கா அதே மாதிரி மெதுவா, முட்டியை எடுங்க சார், கை போச்சுன்னாங்க.”

பார்கவி மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நீங்க வானத்தைப் பார்த்து அதையும் வசனம்னு நெனச்சுச் சொன்னீங்க. டப்பிங்ல, பழிக்குப் பழி வாங்காம ஓய மாட்டேன்னு குரலை மாத்திப் போட்டுட்டாங்க. உதட்டை மாத்த முடியல. வேணும்னா இப்பப் போட்டுப் பாருங்க.”

தொகுப்பை ஓட்டியவர் யாரையும் கேட்காமல் அந்தக் காட்சியை மறுபடி போட்டார். குரல் பழிக்குப் பழி என்று முழங்கியது. உதடு சந்தேகமே இல்லாமல் முட்டியை எடுங்க என்றது, கை போச்சு என்றது. இருநூறு பேர் அதைப் பார்த்தார்கள், பிறகு இருநூறு பேரும் வெற்றிவேந்தனைப் பார்த்தார்கள். வெற்றிவேந்தன் கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக மேடைக்கு நடுவே வந்து, முழங்காலிட்டு, இரண்டு கையையும் மின்விசிறியை நோக்கித் தூக்கி, தமிழ்நாடே அழுத அந்தக் குரலில், “முட்டியை எடுங்க சார்! கை போச்சு! அம்மா!” என்று கதறினார். பிறகு சாதாரணக் குரலில், “அந்த ‘அம்மா’ மட்டும் என் சொந்த வசனம்,” என்றார்.

சௌபாக்கியத்துக்கு முதலில் தோள்தான் அசைந்தது. இட்லிப் பானைக்குள் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி அடியில் எங்கோ ஒரு குடுகுடுப்பு, அப்புறம் அது மேலே ஏறி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை, பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் சேர்ந்து குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, “ஐயோ, சாமி, போதும்,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மண்டபமே சிரித்தது. இரங்கல் கூட்டத்துக்கு என்று அழுதுகொண்டு வந்தவர்கள் அதே கைக்குட்டையால் சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிரஞ்சனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்ததில் கேமராவைத் தொடவே மறந்துபோனான், அது பாட்டுக்கு ஓடியது. டாக்டர் ஷம்ஷாத் பேகம் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம் எண்ணினார்.

“ஓடுது. நல்லாவே ஓடுது.”

“பசிக்குது டாக்டர்,” என்றாள் சௌபாக்கியம். அவளுடைய குரல் கடைசி வரிசைவரை கேட்டது. பார்கவி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

தணிகாசலம் மைக்கை எடுத்து, இரங்கல் கூட்டம் இத்துடன் இனிதே நிறைவடைகிறது என்றார். இப்படி ஒரு வாக்கியத்தைச் சங்க வரலாற்றில் யாரும் சொன்னதில்லை. மாலைகளை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் எழ ஆரம்பித்தது.

சௌபாக்கியம் மேடை ஏறி தணிகாசலத்தின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“ஹால் எத்தனை மணி வரைக்கும் நம்மளது?”

“ஒரு மணி வரைக்கும்மா.”

“அப்ப எல்லாரும் உக்காருங்க. சாப்பாடு எங்கயும் ஓடிடாது.”

உட்கார்ந்தார்கள். அவள் பார்கவியைக் கைபிடித்து எழுப்பி, தனக்குப் போட்டிருந்த நாற்காலியை மேடைக்கு வரவழைத்து, அதில் உட்கார வைத்தாள்.

“என்னக்கா இது, நான் இன்னும் சாகலையே,” என்றாள் பார்கவி.

“அதுக்காகத்தான்டி. காது கேக்கறப்பவே கேட்டுக்கோ.”

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். பார்கவியைத் தாய் என்று சொல்லவில்லை, தெய்வம் என்றும் சொல்லவில்லை.

“இவ பேரு பார்கவி. அப்பா பேரு முனுசாமி, கும்மிடிப்பூண்டி பக்கம். எண்பத்தெட்டுல கம்பெனிக்கு வந்தா. நான் செத்ததை எல்லாரும் பார்த்தீங்க. எப்படிச் செத்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? லாரி அடிச்ச பொம்பளைக்கு முடி ஒரு பக்கமாப் போகும், விஷம் குடிச்சவளுக்கு நெத்தியில ஒட்டிக்கிட்டு நிக்கும், காச நோய்க்காரிக்குப் பின்னல் மெலிஞ்சு கடைசியில எலி வால் மாதிரி ஆயிடும், சந்தோஷமாச் செத்தவளுக்கு வகிடு கலையாது. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு மாதிரி கலைச்சு விட்டவ இவ. எந்த டைரக்டரும் சொல்லிக் குடுக்கல. ஜி.எச். வாசல்ல ஒரு வாரம் நின்னு பார்த்துட்டு வந்தா, எங்கிட்டகூடச் சொல்லாம. இவ பேரு எந்தப் படத்துலயும் வந்ததில்ல. முதல் படத்துலேருந்து சொல்றேன், கேளுங்க.”

சொன்னாள். எந்த ஊர், எந்த வருஷம், எந்த நாயகிக்குக் காய்ச்சல், யாருடைய சவுரி கிணற்றில் விழுந்தது, வெயிலில் பசை உருகியபோது பார்கவி என்ன செய்தாள், எல்லாவற்றையும் பேர் பேராகச் சொன்னாள். நாற்காலியில் பார்கவி முதலில் தலையைக் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, “அது தொண்ணூறு இல்லக்கா, தொண்ணூத்தொண்ணு,” என்று திருத்தினாள். ஒரு மணிக்கு மண்டபக் காவலாளி வந்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தபோது, சௌபாக்கியம் இன்னும் தொண்ணூற்று நாலாம் வருஷத்தைத் தாண்டவில்லை. வெற்றிவேந்தன் தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒருவர்கூட எழுந்து போகவில்லை.